கன்னத்துக்கா, குதிகாலுக்கா

கம்பளி நூல் வாங்கப் போகிறவர்கள் உருண்டையைக் கையில் எடுத்ததும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நான் பார்த்தவர்களில் அப்படிச் செய்யாத ஒரே ஆள் என் பெரியம்மாதான். ஊட்டி கடைகளில் யாராவது உருண்டையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நின்றால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "சாக்ஸ மூஞ்சிலயா போடப் போறீங்க?" என்று கேட்டுவிடுவார். கூடப் போன எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அவர் சோதிக்கும் விதமே வேறு. நூலின் நுனியை இழுத்து, முறுக்குக்கு எதிர்த் திசையில் திருகுவார். எத்தனை புரி என்று எண்ணுவார். ஒரே புரியாக, பஞ்சு போல உப்பியிருந்தால் அங்கேயே வைத்துவிடுவார். மூன்று அல்லது நான்கு புரி, ஒவ்வொன்றும் தனித்தனியே முறுக்கேறி, பிறகு சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார். பத்துத் தேய்ப்பில் பிசிறு கிளம்பினால் அந்த நூல் ஸ்வெட்டருக்கு ஆகும், சாக்ஸுக்கு ஆகாது. ஸ்வெட்டரின் முதுகு நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது. குதிகால் அப்படி இல்லை. செருப்புக்கும் எலும்புக்கும் நடுவில், உடம்பின் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு, அடிக்கு ஒரு தரம் உரசுகிறது.

கடைசிச் சோதனைக்குத்தான் கடைக்காரர் பயப்படுவார். ஒரு விரற்கடை நூலைக் கேட்டு வாங்கி, கடை வாசலுக்கு வந்து தீக்குச்சி கிழிப்பார் பெரியம்மா. அசல் கம்பளியானால் முடி கருகுகிற நாற்றம் வரும். தீ தானாகவே அணையும், மிஞ்சியது விரலில் பொடியாக உதிரும். அக்ரிலிக் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாகிவிடும். 'பியூர் உல்' என்று சீட்டு ஒட்டிய உருண்டையிலிருந்து மணி விழுந்தால் அதைக் கடைக்காரரின் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிடுவார். பேசியிருந்தால்கூட கடைக்காரருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் வீடு கேத்தியில். ரயிலில் வந்தால் அரவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவில் உள்ள ஸ்டேஷன். பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும். ஊரின் இன்னொரு அடையாளம் ஊசிக் கம்பெனி. 1949இல் இங்கிலாந்தின் ஸ்டட்லியில் இருந்த ஊசி நிறுவனத்தின் கிளையாகத் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ். 'போனி' என்று மட்டக்குதிரைப் பெயரில் அது செய்யும் பின்னல் ஊசிகள் கடல் கடந்தும் போகின்றன. சட்டம் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் அறிமுகமாகும். பங்குதாரர்களுக்கு இடையிலான வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு கம்பெனிச் சட்டப் பாடத்தில் இன்றும் வருகிறது. எங்கள் தெருவில் அந்தக் கம்பெனி அப்பாக்களின் ஷிஃப்ட் நேரமாகவும் போனஸாகவும்தான் இருந்தது. என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். ஆனால் பெரியம்மாவின் ஊசிகளெல்லாம் ஊட்டி மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கியவை. கேத்தியில் செய்து, மலை ஏறி ஊட்டிக்குப் போய், திரும்ப எங்களோடு பஸ்ஸில் கேத்திக்கு வந்தவை.

ஊசியின் நம்பரை எனக்கு விளங்க வைத்தவர் அப்பா. பெரியம்மாவிடம் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்ற நம்பர்களில் ஊசி இருந்தது. ஸ்வெட்டர் பின்னும் தடித்த ஊசிகள் எட்டு, ஒன்பது. நம்பர் ஏறினால் ஊசி மெலிகிறதே, இது என்ன கணக்கு என்று கேட்டேன். அப்பா ஒரு தாளில் வரிசையாகத் துளைகள் வரைந்தார். கம்பியைப் பெரிய துளையில் விட்டு இழுத்தால் ஒரு சுற்று மெலியும். அடுத்த துளையில் இழுத்தால் இன்னும் மெலியும். எத்தனை தடவை இழுத்தார்களோ அதுதான் நம்பர். ஆகவே பதினான்கு என்பது அதிகம் இழுபட்ட கம்பி. "நம்ம கோயமுத்தூர் மில்லுல நூலு எப்படி? நாப்பதாம் நம்பரவிட அறுபதாம் நம்பர் மெலிசு. அதே மாதிரிதான்" என்றார். ஒரு பவுண்டு பஞ்சில் 840 கெஜ நீளச் சிட்டம் எத்தனை வருகிறது என்பதுதான் மில் நம்பர். நூல் மெலிய மெலியச் சிட்டம் கூடும். ஊசியும் நூலும் ஒரே தலைகீழ்க் கணக்கில் போவதை அறிந்த பிறகு அந்த நம்பர்கள் எனக்கு மறக்கவே இல்லை.

பிற்பாடு மில்லிமீட்டர் வந்தது. பதினான்கு என்பது 2 மி.மீ., பதின்மூன்று 2.25, பன்னிரண்டு 2.75, பத்து 3.25. நடுவில் 2.5 என்றொரு ஊசி வருகிறது, பழைய கணக்கில் அதற்கு நம்பரே கிடையாது. பெரியம்மா அதைக் கடைசிவரை ஊசியாகவே ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காக்காரர்கள் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம்பர் ஏறினால் ஊசியும் தடிக்கும். அங்கே ஒன்றாம் நம்பர் 2.25, இரண்டாம் நம்பர் 2.75. சாக்ஸுக்கு இரண்டாம் நம்பர் ஊசி வேண்டும் என்று அங்கிருந்து வந்த ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு உறவுக்காரப் பெண் ஒருத்தி பெரியம்மாவிடம் கேட்க, அவர் பிரமித்துப் போனார். பழைய பிரிட்டிஷ் கணக்கில் இரண்டாம் நம்பர் என்பது 7 மி.மீ. "அதுல சாக்ஸ் போட்டா மீன் புடிக்கலாம், கண்ணு" என்றார்.

பெரியம்மா யாருக்காகப் பின்னினார் என்பதைச் சொல்லாமல் நூலும் ஊசியும் பற்றிப் பேசிப் பயனில்லை. பொழுதுபோக்குக்குப் பின்னியவர் அல்லர் அவர். பெரியப்பா போன பிறகு அதுதான் வீட்டுச் செலவில் பாதி. வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் கேரட் தோட்டத்து ஆட்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடியற்காலையில் லாரி போய்ச் சேர வேண்டும் என்பதால் இரவிலேயே, லைட் வெளிச்சத்தில் கேரட் பிடுங்குவார்கள். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும். கேத்தியிலும் குளிர் குறைவில்லை. ரப்பர் கம்பூட்ஸுக்குள் கால் வேர்க்கும், வேர்வை ஆறி ஐஸாகும். மற்ற பாதிப்பேர், இரவில் கால் சூடேறாமல் தூக்கம் வராத கிழவர் கிழவிகள்.

கம்பூட்ஸுக்காரர்களுக்கு அவர் அக்ரிலிக்கில் பின்ன மறுத்ததற்குக் காரணம் இருந்தது. விலையைப் பார்த்து அவர்கள் கெஞ்சுவார்கள். அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். வேர்வை அப்படியே தோலில் நிற்கும். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இதைப் பெரியம்மா எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர். ஒரு காலில் அக்ரிலிக், ஒரு காலில் கம்பளி என்று பெரியப்பாவுக்குப் போட்டு அனுப்பி, வேலை முடிந்து வந்ததும் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தாராம். எந்த ஆராய்ச்சிக் கூடமும் இதைவிட நேர்மையாகச் செய்துவிட முடியாது. ஆராய்ச்சிக்குட்பட்டவரைக் கேட்டுத்தான் செய்தாரா என்று தெரியாது.

ஊசியில்தான் அவருடைய பிடிவாதம் உச்சத்துக்குப் போகும். நாலு புரி நூலின் சீட்டில் பத்தாம் நம்பர் ஊசி என்று போட்டிருப்பார்கள். ஸ்வெட்டருக்கு அது சரி, துணி தொங்கி விழ வேண்டும், மடிய வேண்டும். சாக்ஸ் தொங்கக் கூடாது. சீட்டில் போட்டிருப்பதைவிட இரண்டு மூன்று நம்பர் மெல்லிய ஊசியில், கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்படி பின்ன வேண்டும். நெருங்கி நிற்கும் இழை நகராது, நகராத இழை தேயாது. அதே நூலைப் பத்தாம் நம்பரில் பின்னினால் இன்னும் மெத்தென்று, இன்னும் சீக்கிரம் வரும். இரண்டு மாதத்தில் குதிகாலில் ஜன்னல் திறக்கும். பின்னி முடித்த துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அந்தப் பக்கம் நிற்கும் ஆள் தெரிகிறாரா என்று பார்ப்பார். தெரிந்தால் பிரித்துவிடுவார். விலை உயர்ந்த நூலைத் தளர்வாகப் பின்னுவதைவிடச் சுமாரான நூலை இறுக்கமாகப் பின்னுவது மேல் என்பது அவருடைய கட்சி. இத்தனை வருஷம் கழித்தும் நான் அந்தக் கட்சியிலேயே இருக்கிறேன்.

இறுக்கமாகப் பின்னுவதற்கு ஊசியின் உலோகமும் ஒத்துழைக்க வேண்டும். இரண்டு முனையும் கூரான ஊசிகள் நான்கு ஒரு செட். மூன்றில் கண்ணிகள் முக்கோணமாக நிற்கும், நான்காவதால் பின்னிச் சுற்றி வர வேண்டும். ஐரோப்பாவில் பல நாடுகளில் ஐந்து ஊசி. நாலில் கண்ணி, ஐந்தாவதால் பின்னல். பெரியம்மாவிடம் எஃகு செட் ஒன்று இருந்தது, பதினான்காம் நம்பர். அவருக்குப் பின்னல் கற்றுக்கொடுத்த மிஷன் பள்ளி டீச்சர் ஓய்வு பெற்றுப் போகும்போது கொடுத்தது. எஃகு வழுக்கும், வேகம் வரும், அவ்வளவு மெலிந்தும் வளையாது. ஆனால் ஜூன் ஜூலை மழையில் ஒரு வாரம் வெளியே கிடந்தால் துருப்பிடிக்கும், துரு நூலில் ஏறும். அதற்காக ஊசியைத் தலைமுடிக்குள் இரண்டு தரம் கோதி எடுப்பார். தேங்காய் எண்ணெய்தான் காப்பு. வெளிர் நிற நூல் என்றால் மட்டும் முந்தானையில் துடைத்துக்கொள்வார். சாம்பல் நிற அலுமினிய ஊசி துருப்பிடிக்காது, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் பதின்மூன்றைவிட மெலிந்தால் இறுக்கமான கைக்கு வளைந்துகொடுக்கும். அவருடைய அலுமினிய செட் எல்லாமே லேசாக வில் போல இருக்கும். புதிதாகக் கற்கும் பெண்களுக்கு மூங்கில் ஊசியே நல்லது என்பது என் அபிப்பிராயம். மூங்கில் நூலைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணி நழுவி விழாது. பெரியம்மா காலத்தில் எங்கள் பக்கம் அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர் கையிறுக்கத்துக்கு முதல் நாளே முறிந்திருக்கும்.

நிறத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: ராத்திரியில் பின்னுவதற்குக் கறுப்பு நூல் வாங்காதே. மழைக்காலத்தில் கரண்டு போய்ப் போய் வரும் ஊரில் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. குதிகாலையும் நுனியையும் மட்டும் மிச்சம் மீதி நூலில், வேறு நிறத்தில் போடுவார். அழகுக்கு என்றுதான் வாங்குகிறவர்கள் நினைத்தார்கள். முதலில் தேய்வது அந்த இரண்டு இடங்கள். வேறு நிறமாக இருந்தால் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியும். அதை மட்டும் பிரித்து மறுபடி பின்னிவிடலாம். அதற்குத் தனிக்கூலி.

நைலான் விஷயத்தில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். சாக்ஸுக்கென்றே செய்த நூலில் பொதுவாக முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான். 1930களின் முடிவில்தான் உலகத்துக்கு நைலான் தெரியும். அதற்கு முன்னாலும் மனிதர்கள் சாக்ஸ் போட்டு நடந்திருக்கிறார்கள். அவர்கள் குதிகாலில் இரட்டை நூல் போட்டார்கள். அல்லது ஒரு கண்ணியைப் பின்னாமல் விட்டு அடுத்ததைப் பின்னி, பின்புறம் இழையோடி இரட்டைத் தடிப்பாக்கினார்கள். பெரியம்மாவும் அப்படியே கற்றவர். இறங்கி வந்த பிறகும் கடைகளில் நைலான் கலந்த நூல் அபூர்வமாகத்தான் கிடைத்தது. மெல்லிய நைலான் நூல்கண்டு ஒன்றைத் தனியே வாங்கி வைத்துக்கொண்டு, குதிகால் வரும்போது மட்டும் கம்பளியோடு சேர்த்துப் பிடித்துப் பின்னுவார். "இது ஏமாத்து இல்லையா பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "கால்ல நிக்கறதுக்கு ஊன்றுகோல் குடுத்தா ஏமாத்தா?" என்பார்.

எங்கள் மலையிலேயே ஆடு இருந்தும் நூல் எங்கிருந்தோ வந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் புரியாத சங்கதி. நீலகிரி ஆடு என்றொரு தனி இனமே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் வகைகளைச் சேர்த்து உருவானது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவில் உடைக்கேற்ற மென்மையான கம்பளி தரும் ஆடு அதுதான். இழையின் தடிப்பு ஏறக்குறைய 27 மைக்ரான். மென்மையான மெரினோ 20க்கும் கீழே. அதாவது கன்னத்துக்குக் கொஞ்சம் முரடு, குதிகாலுக்குக் கச்சிதம். ஆனால் ஆடுகள் சில நூறு, ஆயிரம் என்ற கணக்கில்தான் மிஞ்சியிருக்கின்றன. கடைக்கு வரும் அளவுக்கு நூலாவதில்லை. கடைகளில் இருந்ததெல்லாம் லூதியானா சரக்கு. இந்தியாவில் பின்னல் நூல் என்றால் அந்த ஊர்தான். கேரட் தோட்டத்து ஆள் சாண்டிநல்லா ஆட்டுக் கம்பளியில் சாக்ஸ் போட்டு நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் தோன்றும். நடக்கவில்லை.

நான் கேத்தியை விட்டு வந்து கோயமுத்தூரில் குடியேறிய பிறகும் பின்னலை விடவில்லை. இந்த ஊரில் கம்பளி சாக்ஸா என்று சிரிக்கிறார்கள். நான் பின்னுவது மலையில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டுக் குளிரில் படிக்கப் போன பிள்ளைகளுக்கும். இப்போது கிடைக்கும் நூல்களைப் பார்த்தால் பெரியம்மாவுக்குத் தலை சுற்றும். 100 கிராம் சிட்டத்தில் சுமார் 400 மீட்டர், பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி வந்துவிடும். வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்காது என்று போட்டிருப்பார்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதிள் போல அடுக்கு உண்டு. வெந்நீரில் அலசிக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். அந்தச் செதிளைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்துவிடுகிறார்கள். விடுதியில் படிக்கும் பிள்ளைக்குப் பின்னும்போது இது வரம். கையால் துவைப்பவருக்குத் தேவையே இல்லை. பூச்சில்லாத நூல் கொஞ்சம் சுருங்கி இறுகி, உள்ளங்காலில் இன்னும் நாள் பட நிற்கும்.

எனக்கு எரிச்சல் தருவது, கையால் சாயம் தோய்த்து, சுத்த மெரினோவில், ஒற்றைப் புரியாக வரும் நூலைச் சாக்ஸுக்கு என்று விற்பது. பார்க்க மாம்பழமும் மயில் கழுத்துமாக ஜொலிக்கிறது. கன்னத்தில் வைத்தால் எடுக்க மனம் வராது. கழுத்துக்கு மஃப்ளர் பின்னுங்கள், தலைக்குக் குல்லா பின்னுங்கள். காலுக்கு வேண்டாம்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சிடும் சாக்ஸ் செய்முறைகளில் 64 கண்ணி, 2.25 ஊசி, ஓர் அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி என்று ஒரு சூத்திரம் அடிக்கடி வரும். கணக்கு சரிதான். 64ஐ எட்டால் வகுத்தால் சாக்ஸின் சுற்றளவு எட்டு அங்குலம். ஒன்பது அங்குலச் சுற்றளவுள்ள பாதத்தில் அது இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். சாக்ஸ் பாதத்தைவிடச் சற்றுச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும், சரியளவில் பின்னினால் ஷூவுக்குள் சுருண்டு கொப்புளம் போடும். சூத்திரத்தில் விட்டுப்போனது பின்னுகிற ஆளின் கை. அதே ஊசி, அதே நூலில் பெரியம்மாவுக்கு அங்குலத்துக்கு ஒன்பது வரும், எனக்கு எட்டு. ஆகவே முதலில் மாதிரித் துண்டு. அதையும் தட்டையாகப் பின்னிப் பார்த்து ஏமாறக் கூடாது. சாக்ஸ் வட்டமாகப் போகிறது, தட்டையில் திரும்பி வரும் வரிசையில் பலருக்குக் கை தளரும். வட்டமாகவே பின்னி, நனைத்து, காய வைத்து, அதன் பிறகு அளவுகோல்.

தங்கை மகள் அயர்லாந்தில் படிக்கிறாள். சென்ற வருஷம் அவள் அப்பாவின் பிறந்த நாளுக்குத் தானே பின்னி அனுப்ப வேண்டும் என்று வீடியோவில் வந்தாள். "பெரியம்மா, எந்த நூலு, எந்த ஊசின்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்." இப்போது பெரியம்மா நான். அப்பா எந்தச் செருப்புப் போடுவார், வீட்டுக்குள்ளா வெளியிலா, யார் துவைப்பது என்று கேட்டேன். நாலு புரி, கால் பங்கு நைலான், சாம்பல் நிறம் என்று முடிவானது. மாதிரித் துண்டு 2.75 ஊசியில் அங்குலத்துக்கு ஏழு கண்ணிதான் வந்தது. வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். அவள் முகம் அதன் வழியே நன்றாகவே தெரிந்தது. 2.25க்கு இறங்கச் சொன்னதும் எட்டு வந்துவிட்டது. ஜோடி முடிந்து பார்சல் கோயமுத்தூர் வந்தபோது வலது சாக்ஸைவிட இடது சாக்ஸ் அரை அங்குலம் அகலம். முதலாவதைப் பரீட்சைக்குப் படிக்கும் நாட்களில் பின்னினாளாம், இரண்டாவதை லீவில். அவள் அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவே இல்லை. தெரிந்த பிறகு, காலையில் நடக்கப் போகும்போது எந்தக் காலில் பரீட்சை, எந்தக் காலில் லீவு என்று எனக்கு வாட்ஸாப்பில் எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறார்.